வில்லனுக்கு ஏன் என் நடை?

துப்பறியும் படங்களில் கொலைகாரனாக நடிப்பது சுகமான தொழில் என்று நினைப்பவர்கள், ஒருமுறை துப்பாக்கிச் சூடு பட்டு விழுந்து, மத்தியான வெயிலில் கொதிக்கும் மணலில் கண்ணிமைக்காமல் கிடந்து பார்க்க வேண்டும். வார நாட்களில் நான் திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு கடையில் வலையும் கயிறும் விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நிமலன் யூடியூப்பில் போடும் குற்றப் படங்களில் கொலை செய்கிறேன். நிமலன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்து எடுத்து, ஒருநாள் அலுத்துப்போய் இயக்குநர் ஆனவன். பிடிக்காத வேஷம் ஒன்றை வேறு வழியில்லாமல் திரும்பத் திரும்பப் போட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அது வேலை பார்க்கிற கந்தோரிலோ, கல்யாணம் கட்டிப்போன வீட்டிலோ, எங்கே என்றாலும் சரி, கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள்.

தெரிவு

நான் இன்ஸ்பெக்டர் வேஷத்துக்குத்தான் போனேன். வசனம் பாடமாக்கி, சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். வாசலிலிருந்து தான் குந்தியிருந்த கதிரை வரைக்கும் நடந்து வரச் சொன்னான் நிமலன். என் நடை கொஞ்சம் மெல்லிய நடை. கை தன்பாட்டில் ஒரு வளைவு வளையும். பள்ளிக்கூடத்தில் பின்னால் நடந்து பழித்துக் காட்டாத பெடியன்கள் இல்லை. நான் கதிரைக்கு வந்து சேர முதலே நிமலன் எழும்பி, கமெராக்காரன் நிஸ்தாரின் தோளைத் தட்டினான். நான் பாடமாக்கிய வசனத்தை அவன் கேட்கவேயில்லை.

"இன்ஸ்பெக்டருக்குக் குகன் இருக்கிறான் மச்சான். நீ நடந்து வரேக்கயே எனக்குக் கொலைகாரன் கிடைச்சிட்டான்."

நடைப் பாடம்

கதை இதுதான். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் மனேஜர். அவனுக்கு ஆண்களில் ஆசை. யார் மாட்டேன் என்கிறார்களோ அவர்களைக் கயிறு போட்டுக் கொல்லுவான். முதல் நாள் ஒத்திகைக்கு டச்சு பே கடற்கரைக்குப் போனோம். என் சொந்த நடை நிமலனுக்குப் போதவில்லை. இன்னும் இடுப்பு வேண்டும், சுண்டு விரல் தூக்க வேண்டும், ஒவ்வொரு வசனத்துக்கும் முதல் உதட்டை நக்க வேண்டும் என்றான். தானே மணலில் நடந்தும் காட்டினான். கால் சுளுக்கிய வாத்து ஒன்று கடனுக்கு நடந்த மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நானும் ஆண்களை நேசிக்கிற ஆள்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அது அப்போது நிமலனுக்குத் தெரியாது. அவன் சொன்னபடியெல்லாம் செய்ய எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்தபடி, ஒருவனை விரும்பி அதைச் சொல்லப் பயந்து நிற்கிற மனிதன் எப்படி நிற்பானோ அப்படி நின்றேன். நிமலன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"குறை நினையாத மச்சான், அந்த மாதிரி ஆக்களைப் பற்றி உனக்கு ஒண்டும் தெரியேல்ல."

மான் தின்ற பக்கம்

கோட்டைப் பக்கம் படம் பிடிக்கப் போனால் மான்களுக்குப் பயந்து நடக்க வேண்டும். பொலித்தீன், வாழைப்பழத் தோல், கடதாசி என்று எது கிடைத்தாலும் அவை விடமாட்டா. கடைசிக் காட்சி எடுக்கிற அன்று, கதை எழுதிய தாள்களை நிமலன் மதிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போக, ஒரு புள்ளிமான் வந்து ஒரு பக்கத்தை ஆறுதலாக மென்று முடித்தது. ஏன் இத்தனை கொலை செய்தேன் என்று நான் இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல வேண்டிய பக்கம் அது. எனக்குக் கவலையாகப் போயிற்று. அந்தப் பக்கத்தில்தான் அவன் கொஞ்சமாவது மனிதனாக இருந்தான். அப்பா வீட்டை விட்டுத் துரத்திய கதை அதில் வரும்.

"காரணம் சொல்லாமல் சுட்டால் சனத்துக்கு விளங்குமா?" என்று கேட்டேன். நிமலன் மானை ஒரு பார்வை, வெயிலை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குகனிடம் துவக்கைக் கொடுத்தான்.

"காரணம் என்னத்துக்கு மச்சான்? அவன் அப்பிடிப்பட்டவன் எண்டதே காரணம்தானே."

கடையில்

படம் நன்றாக ஓடியது. அடுத்ததிலும் நானே கொலைகாரன், அதற்கடுத்ததிலும் நானே. பெயர் மாறும், ஊர் மாறும், நடை மாறாது. ஒவ்வொரு முறையும் கடைசியில் குகன் வந்து சுடுவான். கடைக்கு வருகிற மீன்பிடிகாரர்கள் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கத் தொடங்கினார்கள். சிலர் மிச்சக் காசைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து வழக்கமாக வருகிற சம்மாட்டி ஒருவர், நாலைந்து படகு வைத்திருக்கிறவர், நங்கூரத்துக்கு நைலோன் கயிறு கேட்டார். நான் அளந்து வெட்டப் போக, கையை நீட்டித் தடுத்தார்.

"அது நீ கழுத்தில போட்ட கயிறு மாதிரிக் கிடக்கு தம்பி. வேற சுருள் காட்டு."

பஸ் நிலையத்தில்

சிரிப்பு அதோடு நிற்கவில்லை. ஒருநாள் பின்னேரம் கடை பூட்டி பஸ்ஸுக்கு நின்றபோது நாலைந்து பேர் சுற்றி வளைத்தார்கள். ஒருவன் படத்தில் எனக்கிருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இன்னொருவன் நடந்து காட்டச் சொன்னான். மாட்டேன் என்றேன். தள்ளினார்கள், விழுந்தேன், கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. சுற்றி நின்ற சனத்தில் ஒருவர் ஃபோனில் படம் எடுத்தார், மற்றவர்கள் படப்பிடிப்பு என்று நினைத்தார்களோ என்னவோ, பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஓர் ஓட்டோக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துத் தன் ஓட்டோவில் ஏற்றினார். புருவத்தில் பொத்திப் பிடிக்கத் துவாய் தந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்போது எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

"மனசில வைச்சுக் கொள்ளாதேங்கோ அண்ணா. அவங்கள் உங்களை அடிக்கேல்ல, படத்தில வாறவனைத்தான் அடிச்சவங்கள்."

அம்மா

புருவத்தில் தையலோடு வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறும்போது வழுக்கி விழுந்தேன் என்றேன். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. என் படங்களைப் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து பார்ப்பவர் அவர். அவர்கள் சிரிக்கிற இடங்களில் அவர் சிரிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அன்று சாப்பாடு போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து, குகனைப் பற்றி விசாரித்தார். படப்பிடிப்பு முடிந்தால் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போவது குகனின் வழக்கம். பார்க்கத்தான் மலை மாதிரி. ஆள் பரம சாது.

"எத்தினை தரம்தான் அவன் உன்னைச் சுடுவான்? இனி அவனுக்கு இந்த வீட்டில நண்டுக் கறி இல்லை, சொல்லிப்போடு."

சாந்தினியின் விஷம்

என்னைப் போலச் சாகிற வேஷமே கிடைக்கிற இன்னொருத்தியும் எங்கள் குழுவில் இருந்தாள். சாந்தினி, பாலையூற்றில் தையல் கடை வைத்திருக்கிறவள். ஒரு படத்தில் அவள் இன்னொரு பெண்ணை விரும்புவாள். விரும்புவது என்றால், ஒரு யன்னலோரம் இருவரும் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டும். நிமலன் எண்ணுவான், எண்ணி முடிய விட்டுவிட வேண்டும். அதன்பிறகு அந்த மற்றவள் காணாமல் போவாள். சந்தேகம் சாந்தினி மேல் வரும். அவள் விஷம் குடிப்பாள், துடிப்பாள், ஆஸ்பத்திரியில் கிடப்பாள், பிறகு கடைசி மூச்சு. விஷப் போத்தலில் சர்பத் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பக் குடித்து அவளுக்கு வயிறு ஊதிவிட்டது.

"காதலிக்க ஒரு காட்சி, சாக இவ்வளவு காட்சி. கணக்கு எங்கயோ பிழைக்குது நிமலன் அண்ணா."

சீனன்குடாவிலிருந்து ஒருவர்

ஒரு மத்தியானம், கடையில் முதலாளி தொழுகைக்குப் போயிருந்த நேரம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். சீனன்குடாவில் மின்சார வேலை செய்கிறவர் என்று சேர்ட்டிலிருந்த சின்னம் சொல்லியது. கொஞ்சம் மெல்லிய கயிறு கேட்டார். நான் வெட்டிக் கொடுத்தேன். போகவில்லை. தூண்டில் கொழுக்கிகளைப் பார்த்தார், விலை கேட்டார், மற்ற வாடிக்கையாளர் வெளியே போகும் வரை நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் ஒன்றாகக் குந்தியிருந்து என் படத்தைப் பார்த்தார்களாம். குகன் என்னைச் சுட்டபோது அவருடைய தமையன், இவங்களுக்கு இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொன்னாராம். அப்பா ஓம் என்றாராம். அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்களாம். "நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். தானும் கை தட்டியதாகச் சொன்னார். தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா. கயிற்றுப் பொதியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் நல்லா நடிக்கிறீங்கள் அண்ணா. அதுதான் பிரச்சினை."

தேத்தண்ணிக் கடையில்

அந்த வாரமே நிமலன் அடுத்த கதையோடு வந்தான். படகு ஜெட்டிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கேட்டேன். இந்த முறை நான் ஒரு சிகை அலங்காரக்காரன், கத்தரிக்கோலால் கொலை. முழுதும் கேட்டுவிட்டு, ஏலாது என்றேன். சம்பளம் போதாதா என்றான். அது இல்லை என்றேன். "கொலைகாரன் எண்டாலும் நடிக்கிறன் நிமலன். ஆனா அந்தக் கொலைகாரன் மனிசி பிள்ளையோட இருக்கட்டும், கோயில் திருவிழாவில முன்னுக்கு நிக்கட்டும். இன்ஸ்பெக்டருக்கு என்ர நடையைக் குடு. இல்லாட்டி என்னை விடு."

அவன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் அப்படி நடந்தால் சனம் நம்பாது என்றான். நிஜத்தில் அப்படிப்பட்டவர்களை யார் கண்டார்கள் என்றான். "நீ கண்டிருக்கிறாய். நாலாம் வகுப்பிலயிருந்து கண்டுகொண்டிருக்கிறாய்," என்றேன். விளங்கவில்லை. அதனால் மறைக்காமல் சொன்னேன். நிமலன் கோப்பையைக் கீழே வைத்தான். கடற்படைப் படகு ஒன்று துறைமுகத்துக்குள் வந்து, திரும்பி, கட்டி முடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் டச்சு பேயில நடந்து காட்டேக்க நீ ஏன் சிரிக்கேல்ல?"

இடைவெளி

அதற்குப் பிறகு நிமலன் கதைக்கவில்லை. ஃபோன் எடுத்தாலும் பதிலில்லை. வேறு ஒருவரைச் சிகை அலங்காரக்காரனாகப் போட்டுப் படம் தொடங்கப்போகிறான் என்று கேள்விப்பட்டேன். போனால் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்த அளவுக்கு நித்திரை வரவில்லை. அவன் மற்றவர்களுக்கு என்ன சொல்லியிருப்பான் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அவன் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். சாந்தினிக்குச் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுவிட்டு, இனிச் சாகிற வேஷம் எதற்கும் தான் வரமாட்டேன் என்று நிமலனுக்கு அறிவித்துவிட்டாள். குகனுக்குச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வேஷத்தை நான் கேட்டதையும் சொன்னேன்.

"அப்ப கொலைகாரன் நானா? நல்லதாப் போச்சு. துவக்கைப் பிடிச்சுப் பிடிச்சே அலுத்துப் போச்சு, கொலைகாரனுக்கெண்டாலும் வசனம் இருக்கு."

அனுசரணை

நிமலன் திரும்பி வந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. புதுக்கதையை மேசையில் வைத்தான். குகன் ஊர் மதிக்கிற பெரிய மனிதன், கொலைகாரன். சாந்தினியும் அவளோடு ஒரே வீட்டில் வாழ்கிற பெண்ணும் சாட்சிகள். கடைசிவரை உயிரோடு இருப்பார்கள். நான் இன்ஸ்பெக்டர். பொலிஸ் உடுப்புக்கு அனுமதி எடுப்பது பெரிய பாடு என்பதால் எங்கள் இன்ஸ்பெக்டர்கள் எப்போதும் சிவில் உடுப்புத்தான். விளம்பரத்துக்காக எங்களுக்கு வழக்கமாக அனுசரணைக் காசு தருகிற ஃபோன் கடைக்காரருக்குக் கதையைச் சொல்லப் போனோம். அவர் நெற்றியைச் சுருக்கினார். தன் கடைப் பெயர் அந்த இன்ஸ்பெக்டர் வருகிற இடத்தில் வரக்கூடாது, குடும்பங்கள் வந்துபோகிற கடை என்றார். அப்படியென்றால் எங்கே போடுவது என்று நிமலன் கேட்டான்.

"கொலைகாரனுக்குக் கீழ போடுங்கோ தம்பி, பரவாயில்லை."

நிஸ்தார்

கிண்ணியாவிலிருந்து வருகிற நிஸ்தார் அதிகம் கதைக்காத ஆள். அவனுக்கும் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தேன், படத்தை விட்டு விலகிவிடுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் வீட்டிலும் பள்ளிவாசலிலும் கேள்வி வரும். முதல் நாள் அவன் வந்து கமெராவைத் தாங்கியில் பூட்டி, என்னை நடக்கச் சொல்லி, பார்த்தான். இன்னொரு முறை நடக்கச் சொன்னான். முந்திய படங்களில் என் காலையும் இடுப்பையும் தேடித் தேடி எடுத்தவன், இந்த முறை கமெராவை முகத்தின் உயரத்துக்குத் தூக்கினான். "உனக்கு இதில சம்மதமா?" என்று கேட்டேன். தன் மார்க்கம் தனக்கு, தன் வேலை தன் வேலை என்றான். பிறகு கமெரா வில்லையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"படத்துல நீ கள்ளனப் புடிக்கிற. வெளியில உன்னப் புடிக்கிறதுக்கு இன்னும் சட்டம் இரிக்கு மச்சான். கவனமா நட."

ஒரு கோப்பை

படத்தில் ஒரு காட்சி. இன்ஸ்பெக்டர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். அவனோடு வாழ்கிற ஆண் தேத்தண்ணி கொடுத்து, "பிடிச்சாச்சா?" என்று கேட்கிறான். "இன்னும் இல்லை" என்கிறான் இவன். அவ்வளவுதான். அந்த ஆணாக நடிக்க ஒருவரும் வரவில்லை. கத்தியால் குத்தச் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்கள், ஒரு கோப்பையை நீட்ட மாட்டோம் என்றார்கள். ஒருவருக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம். ஒருவரின் மாமனார் படம் பார்ப்பாராம். கடைசியில் நிமலன் தானே கோப்பையை எடுத்தான். கையும் குரலும் மட்டும் வரட்டும் என்று நிஸ்தாரிடம் சொன்னான்.

கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. முதல் தரம் என் மடியில் ஊற்றினான். அடுத்த தரம் வசனத்தை மறந்தான். எங்களுக்குச் சிரிப்பு வந்தாலும் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் முகம் வியர்த்திருந்தது. பிறகு ஒருமாதிரி, கை ஆடாமல், என் கண்ணைப் பார்த்துக் கேட்டு முடித்தான்.

"இவ்வளவு காலமும் உன்னைச் சுடச் சொல்லேக்க எனக்கு ஒண்டும் செய்யேல்ல மச்சான். ஒரு தேத்தண்ணி குடுக்க நெஞ்சு அடிக்குது."

மண்டபத்தில்

யூடியூப்பில் போட முதல் ஒரு சின்ன மண்டபத்தில் ஊராருக்குக் காட்டினோம். நான் நடந்து வருகிற முதல் காட்சியில் மண்டபம் சிரித்தது. அதை எதிர்பார்த்திருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குகனை விசாரிக்கிற காட்சி வரச் சிரிப்பு குறைந்தது. கோப்பைக் காட்சியில் பின்னால் யாரோ விசிலடித்தார்கள். ஒரு குடும்பம் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எழும்பிப் போனது. மற்றவர்கள் இருந்தார்கள். கொலைகாரன் யார் என்று தெரியாமல் எழும்பிப் போக மனம் வரவில்லைப் போலும். துப்பறியும் கதைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். விளக்குப் போட்ட பிறகு சாந்தினி வாசலில் திகைத்துப்போய் நின்றாள்.

"படம் முடிஞ்சும் நான் உயிரோட இருக்கிறன் அண்ணா. முகத்தை எப்பிடி வைச்சிருக்கிறதெண்டு தெரியேல்ல."

வீட்டுக்குப் போகிற வழியில்

அம்மாவும் வந்திருந்தார். மண்டபத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. ஓட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரிச் சந்தியைத் தாண்டினோம். நானாகச் சொல்லத் தொடங்கினேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ஓட்டோக்காரர் கேட்கக்கூடாது என்றோ, தனக்கு முன்னமே தெரியும் என்றோ, எனக்கு விளங்கவில்லை. கடற்காற்றில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வீட்டு ஒழுங்கை திரும்பும்போதுதான் வாய் திறந்தார்.

"எல்லாம் சரி. உனக்குத் தேத்தண்ணி தாற ஆளுக்கு ஒரு முகத்தைக் குடுத்திருக்கலாம்."

முறைப்பாடு

யூடியூப்பில் வந்த கருத்துகளை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போவதில்லை. வசவு நிறைய, நடுவில் நன்றி என்று மட்டும் எழுதிய, பெயரில்லாத ஆட்கள் சிலர். ஃபோன் கடைக்காரர் அடுத்த படத்துக்கு இல்லை என்றுவிட்டார். நிமலன் திரும்பக் கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுத்துக்கொண்டே அடுத்த கதையை எழுதுகிறான். அதிலும் நான்தான் இன்ஸ்பெக்டர், இந்த முறை கோப்பைக்கு முகம் இருக்கிறது.

ஒரு காலைப்பொழுது, கடை திறந்த கையோடு சல்லிச் சம்மாட்டி வந்தார். வழக்கம்போலக் கயிறு கேட்பார் என்று சுருளை எடுத்தேன். அதை வை என்று கையைக் காட்டினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசைக்கு மேலால் குனிந்தார்.

"தம்பி, என்ர படகு எஞ்சின் ஒண்டைக் களவெடுத்துப் போட்டாங்கள். பொலிசில சொல்லியும் சரிவரேல்ல. நீ ஒருக்கா வந்து விசாரிச்சுப் பாரன்."

இப்போதும் வீதியில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அவர்களில் பாதிப்பேர் ஹெல்மெட் போடாத காரணத்தால் ஒதுங்குகிறார்கள் என்பதை இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிறேன்.